பாக்குவெட்டியும் தேளி முள்ளும்

போன மாதம் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். பாலிதீன் பையில் நாலு செத்த கெளுத்தி. துடுப்படியில் சிவப்பு, வயிறு உப்பல். எந்த மருந்தைப் போடுவது என்று கேட்டார். குட்டையில் எத்தனை விட்டீர்கள், எப்படிப் பிடித்து விட்டீர்கள், தீனி எவ்வளவு மிஞ்சுகிறது என்று நான் கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மருந்துக்கடையில் இத்தனை கேள்வி கேட்பதில்லையாம். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனாலும் குட்டைத் தண்ணீரை முகர்ந்து பார்த்தே மீனுக்கு நோய் வரப்போகிறதா என்று சொல்லக்கூடியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இரண்டு பட்டதாரிகள் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போய் மேஜை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது எனக்கு மீசை அரும்பிய வயது. கொஞ்ச காலம் கான்ட்ராக்டில் மண் வெட்டினேன், கொஞ்ச காலம் வாய்க்கால் தூர் வாரினேன். அந்த வாய்க்காலில்தான் என் கைக்கு மீன் பிடிபட்டது. சேற்றுக்குள் கையை விட்டால் விரல் நுனிக்கே தெரியும், இது வேர், இது பாம்பு, இது தேளி என்று. தேளி என்பது கெளுத்திச் சாதி. கரும்பழுப்பு, வழவழப்பு, எட்டு மீசை. செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள். குத்தினால் தேள் கொட்டியது போலத் தோள்வரை ஏறும், காய்ச்சல்கூட வரும். அதனால் எங்கள் பக்கத்தில் தேளியைப் பிடித்த கையோடு முதல் வேலையாக இரண்டு முள்ளையும் ஒடித்துவிடுவார்கள். சந்தைக்கு வருகிற தேளியெல்லாம் முள் ஒடிந்துதான் வரும். எனக்கு அது மூச்சு விடுவது போல. கண்ணை மூடிக்கொண்டு ஒடிப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் சுரங்க டவுன்ஷிப் ஊழியர்கள் சிலர் சேர்ந்து மீன் வளர்ப்புச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். சுரங்கத்துக்குள் வெள்ளம் வராமல் இருக்க நிலத்தடியிலிருந்து ராப்பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள் அல்லவா, அந்தத் தண்ணீர் ஓடுகிற கால்வாய்க்குக் கீழே, முந்திரி மரங்களுக்கு நடுவில் ஆறு குட்டை வெட்டினார்கள். வேலைக்கு ஆறு பேர். எல்லாரும் நிலம் போனவர்கள். அதில் நான்தான் முதலில் எடுக்கப்பட்டவன்.

அந்தக் குட்டைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் செருகும். பூமியின் அடியிலிருந்து வரும் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். மார்கழிக் காலையில் ஆறு குட்டையிலிருந்தும் ஆவி எழும்பி, முந்திரி இலைகளில் தங்கி, சொட்டும். எதிரே நிற்கிற ஆள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிவார். தூரத்தில் மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஓசை, தூக்கத்தில் யாரோ முனகுவது போல ஒரே சீராகக் கேட்கும். தேளிக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகும். புகைக்குள்ளிருந்து பொளுக், பொளுக் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் வரும். குட்டை கொட்டாவி விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். கரையில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஆறு மணி ஷிப்டுக்கு வந்தவன் சங்கு ஊதும்போதுதான் விழித்துக்கொள்வேன்.

எங்களுக்கு மேலதிகாரியாக வந்தவர் நாச்சிமுத்து சார். கோயமுத்தூர்ப் பக்கம். மீன் படிப்புப் படித்தவர். ஒல்லியாக, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கொக்கு மாதிரி நடப்பார். யாரையும் 'வா, போ' என்று சொல்லமாட்டார். தொட்டியில் முகம் கழுவுகிற எங்களையும் வாங்க, போங்க. நாய் குறுக்கே வந்தாலும் "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார். இந்த ஆள் எப்படி வேலை வாங்கப் போகிறார் என்று நான் மனதுக்குள் சிரித்தேன்.

ஆனால் அவர் ஒரு வேலையைச் செய்யும்போது பார்க்க வேண்டும். காலையில் வந்ததும் பேசமாட்டார். ஒவ்வொரு குட்டையிலும் குனிந்து, கையில் தண்ணீரை அள்ளி முகர்வார். பிறகு முழங்கைவரை கையை விட்டு, விரல் தெரிகிறதா என்று பார்ப்பார். விரல் பச்சையாக மங்கித் தெரிந்தால் நல்லது. தெரியவே இல்லையென்றால் மதகைத் திறந்து புதுத் தண்ணீர் விடச் சொல்வார். பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் காற்று கிடையாது, அது செத்த தண்ணீர் என்று சொல்லி, குட்டைக்குள் விழுவதற்கு முன்னால் கருங்கல் படி ஐந்து கட்டினார். தண்ணீர் படிப்படியாக விழுந்து, நுரைத்து, உயிர் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் பிசைந்த தீனியை மூங்கில் தட்டில் வைத்து இறக்குவோம். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்ப்பார். மிச்சம் இருந்தால், "நேத்து அதிகமா போட்டுட்டம்ங்க. வயிறு அவங்களது, கணக்கு நம்மளது" என்பார். மீனுக்கும் மரியாதை.

இரண்டாம் வருடம் ஐப்பசி. சங்கத்தின் செயலாளர் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "சித்திரையில அறுவடை நல்லா வந்தா ஒரு ஆளை பர்மனென்ட் பண்ணப் போறோம். சங்கத்துக்கு ஒதுக்கியிருக்கிற ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. கலியபெருமாள், உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். அறுவடை வரலைன்னா குட்டையை மூடிட்டு எல்லாரும் வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. அப்போது எங்கள் வீடு மேட்டு நிலத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. என் மனைவி அஞ்சலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்குள் நடப்பாள். நேர் கோடு போட்ட தெருக்கள், இரண்டு பக்கமும் மரம், ஒரே மாதிரி வீடுகள். ஒவ்வொரு வாசலாக நின்று பார்ப்பாள்.

"இந்த வூட்டுல வெயில் அடிக்கும். அதுல குழா பின்பக்கமா இருக்குது, நல்லது."

"நம்பளுக்குக் குடுக்கறத வாங்கிக்க வேண்டியதுதான், நீ இன்னா பொறுக்கிக்கினு இருக்க?"

"பாத்து வெச்சா இன்னா? காசா பணமா?"

மஞ்சள் வெளிச்சத்தில் அவள் நடந்து போவது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

மழை விழுந்ததும் குஞ்சு பிடிக்கும் காலம். வெள்ளாற்றங்கரை வயல் பள்ளங்களிலும் வாய்க்கால்களிலும் நடுவிரல் நீளத் தேளிக் குஞ்சுகளைப் பிடித்து அலுமினியக் குண்டான்களில் கொண்டுவந்து குட்டையில் விடவேண்டும். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து சார் நாலு நாள் லீவில் ஊருக்குப் போனார், பெண்ணுக்குக் காது குத்து. போகும்போது, "கலியபெருமாளுங்க, குஞ்சு வந்தா மெதுவா ஊத்துங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்.

வேறு ஒன்றும் பண்ண வேண்டாம் என்று சொன்னால் கை சும்மா இருக்குமா? சித்திரையில் வலை இழுக்கும்போது ஆறு பேர் கையையும் தேளி குத்தித் தள்ளும். முதல் வருடம் கொஞ்சமாக விட்டு எடுத்ததற்கே ஒருவன் இரண்டு நாள் படுத்துவிட்டான். குஞ்சாக இருக்கும்போதே முள்ளை எடுத்துவிட்டால்? யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. அஞ்சலையின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து வந்தேன். மற்றவர்கள் குஞ்சை எடுத்துக் கொடுக்க, நான் இடது கையில் பிடித்து, வலப்பக்கம் ஒரு நறுக்கு, இடப்பக்கம் ஒரு நறுக்கு, குட்டையில் போட்டேன். என் வேகத்துக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. மூன்று நாள். ஐந்து குட்டை.

எங்களோடு வேலை செய்த தனக்கோடி அக்கா வளையமாதேவிக்காரி. புருஷன் இல்லாதவர். வாய் மட்டும் இரண்டு ஆள் வாய். அவர்தான் கேட்டார்.

"இன்னாடா கலியா, மீனுக்குக் காது குத்தறியா?"

"சித்திரையில கையில முள்ளு ஏறாம நீ மீன் அள்ளும்போது என்னை நினைச்சுக்குவ."

"சார் சொன்னாரா?"

"சாருக்குத் தேளி புஸ்தகத்துல தெரியும். எனக்குக் கையில தெரியும்."

இன்னொன்றும் செய்தேன். சார் சொன்ன அளவைவிட அதிகமாகக் குஞ்சு வந்திருந்தது. சேற்றுக் குழியில்கூட நெருக்கியடித்து உயிர் வாழ்கிற மீனுக்கு இடம் எதற்கு என்று அத்தனையையும் ஐந்து குட்டைக்குள் அடைத்தேன். நாலாம் நாள் கடைசி இரண்டு குண்டான் வந்தபோது பாக்குவெட்டியின் நடு ஆணி கழன்று விழுந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால் அந்தக் குஞ்சுகளை முள்ளோடேயே ஆறாம் குட்டையில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

சார் லீவு முடிந்து வந்தார். ஒரு வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் சில்லிட்டுப் போனது. பத்தாம் நாள் காலையில் முதல் குட்டைக் கரையில் நான் உட்கார்ந்தபோது ஏதோ மாறியிருந்தது. பொளுக் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தேன். குஞ்சுகள் தலையை மேலே தூக்கி, வாலைக் கீழே தொங்கவிட்டு, நட்டுவைத்தது போல நின்றுகொண்டிருந்தன. கையால் தண்ணீரைத் தட்டினேன். ஒன்றும் ஓடவில்லை. கனவில் நாம் ஓட முயன்று கால் எழாமல் நிற்போமே, அப்படி நின்றன. மறுநாள் வெள்ளை வயிறு காட்டி மிதக்கத் தொடங்கின. அதற்கு மறுநாள் ஐந்து குட்டையிலும்.

நாச்சிமுத்து சார் செத்த மீனைத் தொடவில்லை. "செத்தவங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க, சாகப் போறவங்கள எடுங்க" என்றார். மூச்சு இருக்கிற நாலைந்தை எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்தார். முதலில் வெளியே பார்த்தார். மீசை நுனி வெளுத்துக் கரைந்திருந்தது. தோலில் வழவழப்பு போயிருந்தது. துடுப்புகள் கிழிந்து, துடுப்படியில் குங்குமம் வைத்த மாதிரி இரத்தத் திட்டு. பிறகு சின்னக் கத்தரியால் வயிற்றைத் திறந்தார். மஞ்சள் தண்ணீர் வடிந்தது. ஈரலில் ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். பார்க்காதது போலவும் பார்த்தேன்.

"ஏனுங்க, பக்கத்து முள்ளு ரெண்டும் எங்க போச்சு?" என்றார்.

"துடுப்போட அழுவி விழுந்திருக்கும் சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டார். என் பொய்யை அவர் பேனா அப்படியே எழுதியது.

ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மாதிரியை வைத்துச் சென்னைக்கு ஆள் அனுப்பினார். பதில் வருவதற்குள் செயலாளர் குடையோடு வந்து நின்றார். சுரங்கத் தண்ணீரில் விஷம் என்றார் கூட வந்தவர்களில் ஒருவர், ஊர்க்காரன் எவனோ மருந்து கலந்துவிட்டான் என்றார் இன்னொருவர். "வெள்ளிக்கிழமை கமிட்டி. காரணம் தெரியலைன்னா மூடிடறதுன்னு பேசறாங்க சார்" என்றார் செயலாளர்.

கடிதம் வந்தது. சார் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "பாக்டீரியாவாம்ங்க. புண்ணாக்கி, வயித்துல தண்ணி கோக்க வைக்கறது. விஷமெல்லாம் இல்லீங்க. அது எப்பவும் குட்டைத் தண்ணியில இருக்கறதுதான். நல்லா இருக்கற மீன ஒண்ணும் பண்ணாது. நெருக்கடி, மிஞ்சின தீனி, குளிரு, இதெல்லாம் மீனத் தளர வெச்சிருக்கும். ஆனா இத்தனை வேகமா உள்ள போவோணும்னா தோலுல கதவு தொறந்திருக்கோணும்ங்க. அதுதான் புரியல. ஆறாங்குட்டைக்கும் அதே தண்ணி, அதே தீனி, அதே மழை. அங்க ஒண்ணுகூடச் சாகல. ஏன்?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் பாக்குவெட்டியின் 'நறுக், நறுக்' காதுக்குள் கேட்டது.

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் தூக்கத்தில் நடப்பவன் போல இருந்தேன். கூடை கூடையாகச் செத்த மீனை அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டேன். சொன்னால் பர்மனென்ட் போகும், குவார்ட்டர்ஸ் போகும், வேலையே போனாலும் போகும். சொல்லாவிட்டால் குட்டை மூடும், ஆறு பேரும் தெருவுக்கு வருவோம். ஆனாலும் ஏதோ ஒரு மூலையில், சார் வேறு காரணம் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. வியாழக்கிழமை மத்தியானம் தனக்கோடி அக்கா குழி மேட்டில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எவ்ளோ நாளு பொதைச்சுக்கினே இருப்ப?"

"இன்னாக்கா சொல்ற?"

"எனக்குத் தெரியாதா? நான்தானே எடுத்து எடுத்துக் குடுத்தேன். நீ சொல்றியா, நான் போயி சொல்லட்டா?"

"நீ சொன்னா என் வூடு போச்சு."

"வராத வூட்டுக்கு அழுவற. நாளைக்கு எங்க அஞ்சு பேரு அடுப்பும் அணையப் போவுது, அது தெரியல ஒனக்கு." என் கையிலிருந்த கூடையை வாங்கிக் கீழே வைத்தார். "நீயே சொல்லுடா. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீ சொன்னா ஆம்பள சொன்ன மாதிரி இருக்கும்."

சார் ஷெட்டில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். காரணம் தெரியவில்லை, பொறுப்பு தன்னுடையது என்று எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. நான் நேரே ஆறாம் குட்டையில் இறங்கி ஒரு குஞ்சைப் பிடித்தேன். அது சரியாக என் கட்டைவிரலில் ஏற்றியது. வலியோடேயே கொண்டுபோய் அவர் தட்டில் வைத்தேன். பக்கத்தில் முதல் குட்டை மீன் ஒன்றை வைத்தேன். ஒன்றுக்கு முள் இருந்தது. இன்னொன்றுக்கு முள் இருந்த இடத்தில் குழி. மடியிலிருந்த ஆணி கழன்ற பாக்குவெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நான்தான் சார் வெட்டினேன். அழுவி விழல."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு மீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை நாளா தெரியும்ங்க?"

"கடுதாசி வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு சார். ரெண்டு நாளு."

"இந்த ரெண்டு நாள்ல எத்தனை கூடை பொதைச்சீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். குரல் உயரவில்லை. 'ங்க' போகவில்லை. என்னை அடித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. யாரும் அந்த மரியாதை கொடுத்த அடியைக் கொடுத்ததில்லை. கூடையை எண்ணிச் சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுந்து கால்சட்டையைச் சுருட்டினார். "வாங்க, இருக்கறவங்களப் பாக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே தொடங்கினோம். தீனியை அடியோடு நிறுத்தினோம். நெருக்கம் குறைய மீனைப் பாதியாகப் பிரித்து, வலையில் சாக்குத் துணியை நனைத்துத் தோல் உரசாமல் அள்ளி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து விட்டோம். தேறுகிற மீனுக்குச் சார் எழுதிக் கொடுத்த மருந்தை, அவர் சொன்ன நாளுக்கு மட்டும், தவிட்டில் பிசைந்து கொடுத்தோம். மதகு மூடவே இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் கல்படியில் இறங்கிக்கொண்டே இருந்தது. சாவு ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கூடை இலேசாகியது. ஒரு காலை, ஆவிக்குள் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். எங்கோ நடுவில் ஒரு பொளுக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கத்தினால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கமிட்டியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சார் என்னை வெளியே நிற்கவைத்துவிட்டுத் தானே பேசியிருக்கலாம். கூடவே அழைத்துப் போனார். "காரணம் கண்டுபிடிச்சாச்சுங்க. அவரே சொல்லுவாரு" என்று உட்கார்ந்துவிட்டார். பத்துப் பதினைந்து பேண்ட் சட்டைக்காரர்கள் முன்னால் நான் பேசினேன். முள், பாக்குவெட்டி, நெருக்கியது, சொன்ன பொய், எல்லாம். அன்றைக்கு நான் பேசினது போல அந்தக் கமிட்டியில் அதற்கு முன்னும் யாரும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. ஒருவர் மட்டும், "இவனை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?" என்றார். சார், "இனிமேல் இவரு முள்ளு வெட்ட மாட்டாருங்க. புது ஆளு வந்தா வெட்டுவாரு" என்றார். குட்டை மூடவில்லை. வேலையும் போகவில்லை.

சித்திரையில் வலை இழுத்தோம். எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் சங்கம் தொடர்ந்து நடத்துகிற அளவுக்கு இருந்தது. வைகாசியில் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். அப்போது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும். முதல் எழுத்திலேயே புரிந்துவிட்டது. 'த' என்று தொடங்கியது. பர்மனென்ட், குவார்ட்டர்ஸ், குட்டைகளுக்குத் தலையாள், மூன்றும் தனக்கோடி அக்காவுக்கு.

வீட்டுக்குப் போய் அஞ்சலையிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் ஊதினாள். பிறகு, "அக்காவுக்குத் தானே? குடுக்கட்டும். அது தனியாளு" என்றாள். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை அவள் டவுன்ஷிப்புக்குள் நடக்க வரவில்லை. எனக்குப் பர்மனென்ட் வர இன்னும் நாலு வருடம் ஆனது. நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை என் கை பட்ட குட்டை எதிலும் அந்தச் சிவப்பு திரும்ப வரவில்லை. நம்பாதவர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

காகிதம் ஒட்டிய மறுநாள் தனக்கோடி அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு கரையில் நின்றார். சிரித்துவிடுவாரோ என்று நான் தலை குனிந்துகொண்டே வந்தேன். அவர் என் கையில் ஈரச் சாக்கைத் திணித்தார்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? ஆறாங்குட்டையில எறங்கி மிச்சம் இருக்கறதுல முள்ளோட ஒண்ணு புடிச்சுக் காட்டு. இந்த நாலு பேருக்கும் ஒடிக்காம புடிக்கத் தெரியல."

"குத்துமேக்கா."

"குத்தட்டும்" என்றார். "எறங்கு."

இறங்கினேன்.